பத்தொன்பது முத்துமாரிகளும் ஒரு ராமலட்சுமி அக்காவும்

ஜூலை பதினான்கு, திங்கட்கிழமை, காலை பதினொன்று இருபத்தாறு. எங்கள் கல்லூரியின் மின்களஞ்சியத்தில் அந்த நிமிடம் இருந்த ஆய்வேடுகள் 2,318. அவற்றில் மு. முத்துமாரி என்ற பெயரில் இருந்தவை பத்தொன்பது. எந்த முத்துமாரி எழுதியது என்று தீர்த்து முடித்தவை பதினாறு. பாக்கி மூன்று.

இவ்வளவு துல்லியமாகச் சொல்ல முடிவதற்குக் காரணம், அந்த எண்களைத் திரையில் பார்த்துக்கொண்டிருந்தபோதுதான் முதல்வர் நூலகத்துக்குள் வந்தார். அவர் நூலகத்துக்கு வருகிறவர் இல்லை. ஆள் விட்டுக் கூப்பிடுகிறவர். வந்தவர் கவுன்டருக்குப் பின்னால் காலியாக இருந்த நாற்காலியைச் சற்று நேரம் பார்த்தார். "ராமலட்சுமி மேடம் காலையில மதுரை ஆஸ்பத்திரியில தவறிட்டாங்கப்பா" என்றார்.

நான் சொன்ன முதல் வார்த்தை இது: "இன்னும் மூணு பாக்கி இருக்கே சார்."

முதல்வர் என்னைப் பார்த்த பார்வையை நான் மறக்கப்போவதில்லை. இதை எழுதாமல் விட்டிருக்கலாம். ஆனால் இந்த மலரைப் படிக்கப்போகிற பழைய மாணவர்களான உங்களுக்கு அக்காவைத் தெரியும். நடந்ததைப் பாதியாக எழுதினால் மீதி எங்கே என்று கேட்கிறவர் அவர். முழுதாகவே எழுதுகிறேன்.

எனக்கு இரங்கல் எழுதிப் பழக்கமில்லை. கணினிப் பொறியியல் படித்தேன். சென்னையில் மூன்று வருடம் வேலை பார்த்தேன். சொந்த ஊரான ராஜபாளையத்துக்குத் திரும்பி, இந்தக் கல்லூரியில் ஒப்பந்தத்தில் கணினி நிர்வாகியாகச் சேர்ந்தேன். கொடுத்த வேலை ஒன்றே ஒன்று. மாணவர்கள் எழுதி அலமாரியில் அடுக்கிவைத்த ஆய்வேடுகளை ஸ்கேன் செய்து, யார் வேண்டுமானாலும் இணையத்தில் தேடிப் படிக்கும்படி ஒரு மின்களஞ்சியம் அமைக்க வேண்டும். கல்லூரிக்குத் தரம் போடும் மதிப்பீட்டுக் குழு வருவதற்குள் முடிக்க வேண்டும். முடியாவிட்டால் ஒப்பந்தம் நீளாது. ஆறு மாதம் கொடுத்தார்கள். எனக்கு ஆறு வாரம் போதும் என்று எழுதிக் கொடுத்தேன். அப்படி எழுதிக் கொடுக்கிற ஆள் நான்.

ராமலட்சுமி அக்கா பதவியில் நூலக உதவியாளர். நூலகர் ஓய்வுபெற்றபின் அந்த இடத்துக்கு ஆள் போடவே இல்லை. அதனால் பல வருடமாக அவரே பொறுப்பு. தினமும் ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து எட்டு ஐம்பது பஸ்ஸில் வருவார். நான் சேர்ந்த முதல் வாரம், சோதனைக்காக நிறுவியிருந்த சர்வர் திடீரென்று நின்றுபோனது. ஓடிப்போய்ப் பார்த்தால் அதன் பிளக்கைப் பிடுங்கிவிட்டு அந்த இடத்தில் ஸ்பைரல் பைண்டிங் மிஷினைச் சொருகியிருந்தார்.

"மேடம், அது சர்வர்! நிறுத்தக் கூடாது!"

"நின்னா யாரு தம்பி கேப்பா?"

"இணையத்துல பார்க்கிறவங்க."

"எம்புட்டுப் பேரு பாக்காக?"

என் மடிக்கணினியில் இருந்த வருகைக் கணக்கைத் திறந்து பார்த்தேன். அன்று பார்த்தவர்கள் நான்கு பேர். அதில் மூன்று பேர் நானே.

"வெளிய பதினேழு பிள்ளைக பைண்டிங்குக்கு நிக்கிதுக. நாளைக்குக் கடைசித் தேதி. உன் நாலு பேரச் செத்த நேரம் பொறுக்கச் சொல்லு."

பொறுத்தார்கள். நான்காவது ஆள் யாரென்று இன்றுவரை தெரியாது.

அடுத்து மென்பொருள் தேர்வு. உலகத்தில் சிறிய நூலகம் ஒன்று மின்களஞ்சியம் தொடங்க நினைத்தால் அதற்கென்று பல மென்பொருள்கள் இருக்கின்றன. நான் மூன்றைப் பொறுக்கி, நாற்பத்திரண்டு வரிசைகள் கொண்ட ஓர் ஒப்பீட்டு அட்டவணை தயாரித்தேன். நிறுவும் எளிமை, தேடும் வேகம், பாதுகாப்பு, மற்ற களஞ்சியங்களோடு பேசும் திறன் என்று ஒவ்வொன்றுக்கும் மதிப்பெண், தசமப் புள்ளியோடு. முதல்வர் அறையில் கூட்டம். முதல்வர், நான், அக்கா. அட்டவணையை நாற்பது நிமிடம் விளக்கினேன். முதல்வர் இரண்டு முறை கொட்டாவி விட்டார். அக்கா ஒரு முறைகூட விடவில்லை, எழுதிக்கொண்டே இருந்தார். என் வாழ்க்கையில் முதல்முறையாக ஒருவர் நான் சொன்னதைக் குறிப்பெடுக்கிறார் என்று சந்தோஷப்பட்டேன்.

முடிந்ததும் எழுதியதைப் படித்தார்.

"முதல் ஆளு கலெக்டர். நல்ல கெட்டிக்காரர். ஆனா அவரப் பாக்க எட்டு ஃபாரம் நிரப்பணும், அவருக்குப் பெரிய பங்களா வேணும். ரெண்டாவது கம்பவுண்டர். பத்து மருந்துதான் தெரியும், போன உடனே குடுப்பாரு. மூணாவது விருந்தாளி. அவரு வீட்ல இருந்தே எல்லாம் பாத்துக்கிடுவேங்காரு. வரும்போது நல்லாத்தான் வருவாரு. போகும்போது நம்ம சட்டி பானையையும் சேத்து எடுத்துட்டுப் போயிருவாரோன்னு இருக்கு. சரியா தம்பி?"

நாற்பது நிமிடத்தில் நான் சொன்னது அவ்வளவுதான். முதலாவது சக்திவாய்ந்தது, பெரிய சர்வரும் நினைவகமும் கேட்கும். இரண்டாவது எளியது, பழையது. மூன்றாவது நிறுவனம் ஒன்று தன் கணினியில் வைத்து நடத்தித் தருவது; விலக நினைத்தால் நம் தரவை முழுதாகத் திருப்பி எடுக்க வழி சரியாக இல்லை. நான் இதை வரிசை முப்பத்தொன்பதில் வைத்து அதற்கு மிகக் குறைந்த எடை கொடுத்திருந்தேன். அவர் அதை முதலில் பிடித்துக்கொண்டார். விருந்தாளி அன்றே வெளியேறினார்.

"செரி, மத்த ரெண்டு பேரையும் ஒருக்கா கவுன்டர்ல உக்கார வைப்போம்" என்றார். அதாவது, மாணவர்கள் வந்து கேட்பதுபோலக் கேட்டுப் பார்ப்பது. முதல் கேள்வி, "கண்மாய்". எங்கள் அலமாரியில் கண்மாய் பற்றி மட்டும் குறைந்தது நாற்பது ஏடுகள் உண்டு. இரண்டு மென்பொருளும் பூஜ்யம் என்றன. சோதனைக்கு ஏற்றியவை மாணவர்கள் விட்டுப்போன கணினிக் கோப்புகள்; அவற்றைத் தட்டச்சு செய்த எழுத்துரு பழையது. நம் கண்ணுக்குத் தமிழ், கணினிக்கு ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியும். நான் இதை விளக்க வாயெடுத்தேன்.

"இருக்கட்டும் தம்பி. ரெண்டு பேரும் நம்ம ஊர்க்காரவுக இல்ல. பழகிக்கிடுவாக" என்றார். பழைய எழுத்தைப் புதிய எழுத்தாக மாற்றும் நிரல் ஒன்றை நான் எழுதிப் பழக்கினேன். அது வேறு கதை.

இரண்டாவது கேள்விதான் எங்கள் சண்டையின் ஆரம்பம். "எழுதுன ஆளை எப்படி அடையாளம் கண்டுபிடிக்கும்?"

"பேரை வைச்சு மேடம்."

"ஒரே பேரா இருந்தா?"

"அதெல்லாம் சிஸ்டமே பாத்துக்கும்."

இந்த வாக்கியத்தை நீங்கள் எந்தக் கணினிக்காரனிடமிருந்து கேட்டாலும் உடனே எழுந்து வெளியே போய்விடுங்கள். அக்கா போகவில்லை. "சரி" என்றார். முதல்வர் கலெக்டருக்கே கையெழுத்துப் போட்டார். பக்கத்துக் கல்லூரியிலும் அதுதானாம்.

ஐந்து வாரத்தில் இரண்டாயிரத்துக்கு மேல் ஏற்றினேன். அக்கா ஸ்கேன் செய்து கொடுப்பார். வெளிச்சம் பட்டால் எழுத்து மங்கிவிடும் என்று நம்பி, ஸ்கேனர் மூடியின் மேல் ஒரு ஈரிழைத் துண்டைப் போர்த்தியே வேலை செய்வார். அப்படியெல்லாம் மங்காது என்று ஐந்து முறை அறிவியலோடு விளக்கினேன். ஆறாவது முறை துண்டை ஓரமாக மடித்துத் தைத்துக்கொண்டு வந்தார்.

ஆறாவது வாரம், கலெக்டர் ஒரு செய்தி காட்டினார்: ஒரே பெயரில் பல ஆசிரியர்கள் பதிவாகியிருக்கிறார்கள், இணைத்துவிடலாமா? கீழே ஒரு நீலப் பொத்தான். அக்கா டீ குடிக்கப் போயிருந்தார். நான் அமுக்கினேன்.

மறுநாள் திறப்பு விழா. பெரிய திரையில் களஞ்சியத்தின் முகப்பு. ஓரத்தில் தானாகவே ஒரு கட்டம்: "அதிகப் படைப்புகள் தந்தவர்: மு. முத்துமாரி, 19." முதல்வர் மைக்கைப் பிடித்துக்கொண்டு அதைப் படித்தார். சொடுக்கினார். பட்டியல் விரிந்தது. வத்திராயிருப்புத் தேங்காய் நார். பேண்டேஜ் துணி நெசவில் பெண்கள். கண்மாய்ப் பறவைகள். ஆலங்குளத்துச் சுண்ணாம்புக் காட்டில் முளைக்கும் செடிகள். கூட்டுறவு வங்கி. இரண்டு கணிதம். இருபத்தாறு வருட உழைப்பு.

"நம்ம கல்லூரியில் இப்படி ஒரு மேதை இருந்திருக்கிறார்! எத்தனை துறை! இந்த அம்மையார் இன்று எங்கே இருந்தாலும் அழைத்து வந்து பொன்னாடை போர்த்துவோம்!" பலத்த கைதட்டல்.

கடைசி வரிசையிலிருந்து அக்காவின் குரல் வந்தது: "பத்தொம்பது பொன்னாடையா வாங்குங்க சார்."

நம் பக்கத்துப் பெண்களில் பாதிப் பேர் முத்துமாரி. அப்பாக்களில் பாதிப் பேர் முருகன், முத்தையா, முனியாண்டி, முனியசாமி. இனிஷியலைப் போட்டால் எல்லோரும் மு. முத்துமாரி. சொந்த ஊர்க்காரன் எனக்கு இது தெரியாதா? தெரியும். என் சொந்தச் சித்தியே மு. முத்துமாரிதான். ஆனால் பொத்தானை அமுக்கும்போது சித்தி நினைவுக்கு வரவில்லை.

சிரித்துவிட்டுப் போயிருப்போம். ஆனால் அடுத்த செவ்வாய்க்கிழமை ஒரு பெண் நூலகத்துக்குள் வந்து இடது கையால் கவுன்டரைத் தட்டினாள்.

"இங்க கம்ப்யூட்டர் பாக்கது யாரு?"

நான் கையைத் தூக்கினேன்.

"நான் பொறக்கதுக்கு ரெண்டு வருசம் முந்தியே வணிகவியல் புராஜெக்ட் எழுதியிருக்கேனாம். எப்படின்னு கேக்காங்க. நீங்களே வந்து சொல்லுதீயளா?"

ஆலங்குளத்து முத்துமாரி. தாவரவியல். ஒரு ஆராய்ச்சி நிலையத்தில் உதவியாளர் வேலைக்கு நேர்காணல் போயிருக்கிறாள். தான் எழுதிய இளநிலை ஏடு, முதுநிலை ஏடு இரண்டுக்கும் எங்கள் களஞ்சிய இணைப்பைப் பெருமையாகக் கொடுத்திருக்கிறாள். அவர்கள் சொடுக்கியிருக்கிறார்கள். பத்தொன்பது வந்திருக்கிறது. "இதில் எது உங்களுடையது? மற்றவர்கள் வேலையை உங்கள் பெயரில் போட்டுக்கொண்டீர்களா?" என்று கேட்டிருக்கிறார்கள். வெள்ளிக்கிழமை மதியத்துக்குள் சரியாகாவிட்டால் வேலை அடுத்த ஆளுக்குப் போய்விடும்.

நான் பேச ஆரம்பித்தேன். சர்வதேச அளவில் ஆராய்ச்சியாளர்களுக்கு அடையாள எண் உண்டு என்றேன். அது இல்லாதவர்களை மென்பொருள் பெயரை வைத்து ஒரே ஆளாக எடுத்துக்கொள்வது வடிவமைப்புப்படி சரிதான் என்றேன். உலகம் முழுக்க இப்படித்தான் என்றேன்.

அக்கா மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். அவர் நூலகத்தில் படித்தவர்களுக்குத் தெரியும், அதற்கு என்ன அர்த்தமென்று.

"ஏலே, உங்க ராஜபாளையத்துல நாய்க்குட்டி வாங்கப் போனா அதோட அப்பன் யாரு, ஆத்தா யாரு, பாட்டன் யார் வீட்டுல வளந்தான்னு பேப்பர் எழுதிக் கையில குடுக்கீய. படிச்ச பிள்ளைகளுக்கு மட்டும் அத்தனை பேருக்கும் ஒரே பேப்பரா?"

அந்தப் பெண் அழ வந்தவள் சிரித்துவிட்டாள். அன்றுதான் மேடம் என்பதை விட்டு, "பிரிச்சிரலாம் அக்கா, காப்பு நகல் இருக்கு" என்றேன். காப்பு நகலைத் திறந்தேன். என் காப்பு ஏற்பாடு மிகச் சிறப்பாக வேலை செய்திருந்தது. இணைத்த பிறகான நிலையை, பழைய நகலின் மேலேயே, ஒரு எழுத்து பிசகாமல் எழுதி வைத்திருந்தது.

கையாலேயே பிரிக்க உட்கார்ந்தோம். யார் எவர் என்று எப்படிப் பிரிப்பது? ஏட்டின் அட்டையில் பதிவு எண் இருக்குமே என்று நீங்கள் கேட்கலாம். பட்டப்படிப்புக்கு ஒரு எண், மேற்படிப்புக்கு வேறு எண். இரண்டும் ஒரே ஆளா என்று எண் சொல்லாது. அக்கா உள்ளே போய்ப் பன்னிரண்டு நீள நோட்டுகளைத் தூக்கிக்கொண்டு வந்து போட்டார். ஏடு நூலகத்துக்கு வந்து சேரும்போது பதியும் பதிவேடு. வரிசை எண், பெயர், துறை, தலைப்பு, கடைசியாக "குறிப்பு" என்று ஒரு கட்டம். எந்த அலுவலகத்திலும் அந்தக் கட்டத்தில் யாரும் எதுவும் எழுதுவதில்லை. இவர் எழுதியிருந்தார்.

"வத்திராயிருப்பு. தென்னந்தோப்பு வீடு. 9.10 பஸ். சிரித்தால் கண் தெரியாது."

"கூமாப்பட்டி. அப்பா மிலிட்டரி. அவர் லீவில் வந்தால் இவளும் லீவு."

"ராஜபாளையம் மில் குடியிருப்பு. தெலுங்கில் திட்டுவாள், தமிழில் மன்னிப்புக் கேட்பாள்."

"ஆலங்குளம். சிமென்ட் ஆலைக் குவார்ட்டர்ஸ். இடது கை. கேட்ட புத்தகம் இல்லை என்று சொல்லக் கூடாது, அழும்."

அதே ஆலங்குளம், இரண்டு வருடம் கழித்து, முதுநிலை ஏட்டுக்கு நேராக: "மேற்படி ஆள்தான். இப்போது அழுவதில்லை. சண்டை போடுகிறது."

அந்தப் பெண் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்துப் படித்தாள். "எக்கா! இப்படியா எழுதி வச்சிருக்கீய?"

"பின்ன என்ன எழுத? நீ சண்டை போடலையாக்கும்?"

"இதெல்லாம் இணையத்துல போட முடியாது அக்கா" என்றேன். அரை மணி நேரம் வாக்குவாதம். கடைசியில் ஊர், துறை, படித்த ஆண்டு மட்டும் வெளியே தெரிவது என்றும், மற்றதெல்லாம் நோட்டோடு இருப்பது என்றும் முடிவானது. பஸ் நேரத்தையாவது போடலாமே என்று அவர் கடைசிவரை கேட்டுக்கொண்டிருந்தார்.

சிக்கல் தீரவில்லை. கலெக்டரிடம் நாங்கள் பிரித்து வைக்க வைக்க, அவர் பெயரைப் பார்த்து மீண்டும் சேர்த்து வைத்தார். புதன்கிழமை காலையில் நான்கு முத்துமாரிகளைத் தனியாக உட்கார வைத்தோம். மதியம் பார்த்தால் பத்தொன்பதும் ஒன்றாக உட்கார்ந்திருந்தன. எனக்குக் கோபம். அட்டவணை போட்டது நான். ஆறு வாரத்தில் முடிப்பதாக எழுதிக் கொடுத்தது நான். தப்பு என்று முதல்வரிடம் போய்ச் சொல்ல வேண்டியதும் நான்.

"கம்பவுண்டர் எங்க இருக்காரு?" என்று கேட்டார் அக்கா.

சோதனைக்கு நிறுவியது அப்படியே பழைய கணினியில் கிடந்தது. திறந்து பார்த்தோம். ஒவ்வொரு ஆசிரியர் பெயருக்கும் கீழே வெறும் ஒற்றை வரி. என்ன வேண்டுமானாலும் எழுதலாம். அந்த வரி வேறாக இருந்தால் ஆளும் வேறு என்று எடுத்துக்கொள்ளும். ஒப்பீட்டு அட்டவணையில் இதைக் குறையாகக் கணக்கிட்டு மதிப்பெண்ணைக் குறைத்திருந்தேன்: "கட்டுப்பாடற்ற குறிப்புப் புலம்."

"இதுதான நம்ம குறிப்புக் கட்டம்" என்றார்.

அன்று மாலையே முதல்வரிடம் போனேன். மென்பொருளை மாற்ற வேண்டும், தவறு என்னுடையது என்றேன். அவர் கோபம் வந்தால் வீட்டு மொழிக்குப் போய்விடுவார். தெலுங்கில் கொஞ்ச நேரம் பேசினார். பிறகு, "மதிப்பீட்டுக் குழு கேட்டால் என்ன சொல்ல? பக்கத்துக் கல்லூரியில கலெக்டர்தான... அதான், அந்தப் பெரிய மென்பொருள்தான இருக்கு?" என்றார். அவருக்கும் அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. வாசலில் நின்ற அக்கா, "அவுகளுக்கு முத்துமாரி கம்மியா இருக்கும் சார்" என்றார். கையெழுத்து விழுந்தது.

வியாழக்கிழமை முழுவதும் மாற்றினோம். தரவை இறக்கி ஏற்றும் நிரல் நான் எழுதினேன். குறிப்பு வரிகளை அக்கா ஒற்றை விரலால் தட்டினார். ஒவ்வொரு எழுத்துக்கும் விசைப்பலகையைச் சுற்றி ஒரு பிரதட்சணம். "நான் அடிக்கிறேன் அக்கா, குடுங்க" என்று பிடுங்கப் போனேன். "நீ அடிச்சது போதும்" என்றார். வெள்ளிக்கிழமை பதினொரு மணிக்கு ஆலங்குளத்துப் பெண்ணிடமிருந்து போன் வந்தது. "எக்கா, ரெண்டுதான் காட்டுது. எனக்கு எம்புட்டோ, அம்புட்டுத்தான் காட்டுது." வேலை கிடைத்துவிட்டது. அடுத்த வாரம், ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரிக்கே பால்கோவா வாங்கிக்கொண்டு வந்தாள். "எந்தக் கடையில வாங்கின?" என்று விசாரித்து, அதிலும் ஒரு குறை கண்டுபிடித்துவிட்டுத்தான் அக்கா சாப்பிட்டார்.

அட்டவணையில் நாற்பத்து மூன்றாவது வரிசையை அவர் சொல்லச் சொல்ல நான் சேர்த்தேன்: "மு. முத்துமாரி எத்தனை பேரோ அத்தனை பேராகவே வைத்திருக்குமா?" எடை எவ்வளவு என்று கேட்டேன். "மத்த நாப்பத்திரண்டையும் கூட்டி எம்புட்டு வருதோ அம்புட்டு" என்றார். மதிப்பீட்டுக் குழுவிடம் அந்த அட்டவணையைத்தான் கொடுத்தோம். அவர்கள் கடைசி வரிசையைப் படித்துவிட்டுச் சிரித்தார்கள். பிறகு அவர்களில் ஒருவர் தன் பெயரைத் தேடிப் பார்த்தார். என் ஒப்பந்தம் நீண்டது.

பதினாறு தீர்ந்தது. மூன்று மட்டும் நின்றது. அந்த மூன்றும் ஒரே வருடத்தில், ஒரே மூன்று மாதத்தில் வந்தவை. தமிழ் ஒன்று, விலங்கியல் ஒன்று, வணிகவியல் ஒன்று. தனித்தனி ஆள்களா, ஏற்கனவே நாங்கள் பிரித்து வைத்தவர்களில் யாருடைய முதல் ஏடா, தெரியவில்லை. நோட்டில் அந்த மூன்று மாதத்துக்கும் குறிப்புக் கட்டத்தில் மேலிருந்து கீழ்வரை ஸ்கேல் வைத்து இழுத்த ஒரே கோடு. அக்கா இரண்டாவது பிரசவத்துக்கு லீவில் இருந்தபோது பதிலுக்கு இருந்தவர் போட்டது.

"நான் பிள்ளை பெத்த நேரமாப் பாத்து மூணு முத்துமாரி படிச்சு முடிச்சிருக்காளுக பாரு" என்பார். அந்தக் கோட்டை அவரால் தாங்கவே முடியவில்லை. ஒரு வருடமாகப் பழைய மாணவிகளுக்குப் போன் போட்டார். பஸ்ஸில் பக்கத்தில் உட்காருகிறவர்களிடம் கேட்டார். "விட்டுருங்க அக்கா, 2,318-ல மூணு. புள்ளி ஒண்ணு மூணு சதவீதம்" என்று ஒரு நாள் சொன்னேன். கண்ணாடியைக் கழற்றினார். அதன்பின் சதவீதம் பேசவில்லை.

இந்த ஜூலைத் தொடக்கத்தில் நெஞ்சுவலி என்று மதுரைக்குக் கொண்டுபோனார்கள். சனிக்கிழமை அங்கிருந்து போன் செய்தார்.

"தம்பி, அந்த மூணு என்னாச்சு?"

"அப்படியேதான் இருக்கு. நீங்க வந்து பாருங்க."

"வாரேன். அதுவரைக்கும் நீயா எதையும் அமுக்கிராத."

அதுதான் கடைசி.

செவ்வாய்க்கிழமை ஸ்ரீவில்லிபுத்தூரில் அவர் வீட்டுக்குப் போனோம். தெரு முழுக்கப் பெண்கள். வத்திராயிருப்பு பஸ்ஸிலிருந்து மட்டும் ஒரு கூட்டம் இறங்கியது. ஆலங்குளத்துப் பெண் மூலையில் உட்கார்ந்து இடது கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள். எனக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. அழத் தெரிந்தவர்கள் அழுதார்கள். எனக்குத் தெரிந்தது ஒன்றுதான். பக்கத்தில் நின்ற அம்மாவிடம் மெதுவாகக் கேட்டேன்: "உங்க பேரு முத்துமாரியா? எந்த வருஷம், எந்தத் துறை?"

முதல்வர் என் முழங்கையை இறுக்கினார். ஒரு பாட்டி, "எழவு வீட்டுல வந்து சென்சஸ் எடுக்கான் பாரு" என்றார். எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். உள்ளேயிருந்து அக்காவின் வீட்டுக்காரர் எழுந்து வந்தார். அடிக்கப்போகிறார் என்றே நினைத்தேன்.

"கேளுங்க தம்பி" என்றார். "ஆஸ்பத்திரியில நர்ஸ் பேரு முத்துமாரின்னு தெரிஞ்சு, இவ அந்தப் பிள்ளைகிட்டயும் எந்தக் காலேஜுன்னு கேட்டுட்டுத்தான் ஊசி போடவே விட்டா."

கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள். அழுதுகொண்டே சிரித்தார்கள். அப்போது வாசலில் காக்கி உடையில் ஒரு தலைமைக் காவலர் வந்து நின்றார். ஷூவைக் கழற்றினார். நான் நெஞ்சுப் பட்டையில் பெயரைப் படித்தேன்.

"நீங்க மு. முத்துமாரியா?"

"ஆமா. எதுக்கு?"

"எந்தத் துறை? எந்த வருஷம்?"

"போலீஸ்காரியவே விசாரிக்கீயளோ?" என்றவர், என் முகத்தைப் பார்த்துக் குரலைத் தணித்தார். விலங்கியல் என்றார். வருடம் சொன்னார். கோடு இழுத்த வருடம். "கண்மாய்ப் பறவைக பத்தி எழுதுனேன். கொண்டு வந்து குடுக்கும்போது இந்த அக்கா இல்ல. பதிலுக்கு இருந்தவரு மூஞ்சியப் பாக்காமலே வாங்கி வச்சாரு. அன்னைக்கு எனக்கு என்னமோ மாதிரி இருந்துச்சு. பொறவு நான் மேல படிக்கல."

"தமிழ், வணிகவியல்ல உங்க பேருல இன்னும் ரெண்டு பேரு?"

"தமிழ்க்காரி கல்யாணமாகிக் கூமாப்பட்டிப் பக்கம் போனா. மத்தவள எனக்குத் தெரியாது தம்பி."

உள்ளே போய் அக்காவின் காலடியில் நின்றேன். கும்பிட்டேன். சத்தமாகச் சொல்ல வெட்கமாக இருந்தது. மனதுக்குள் சொன்னேன்: பாக்கி ரெண்டு.

அவரிடமிருந்து நான் வைத்துக்கொள்வது நாற்பத்து மூன்றாவது வரிசையை. இனி எங்கே வேலைக்குப் போனாலும், எந்த மென்பொருளைத் தேர்வு செய்யச் சொன்னாலும், அட்டவணையை அதிலிருந்துதான் தொடங்குவேன். இப்போதைக்குச் செய்யவிருப்பவை:

1. வரும் சனிக்கிழமை வத்திராயிருப்பு போய், அங்கிருந்து கூமாப்பட்டி. தமிழ் முத்துமாரியைக் கண்டுபிடிப்பது. துக்க வீடாக இருந்தால் வெளியே காத்திருப்பது. (இது முதல்வர் போட்ட நிபந்தனை.)

2. வணிகவியல் மு. முத்துமாரி, இதைப் படிப்பது நீங்களாக இருந்தால் நூலகத்துக்கு ஒரு முறை வாருங்கள். முகத்தைப் பார்த்து வாங்கி எழுத இப்போது ஆள் இருக்கிறது.

3. காப்பு நகலை வேறு இடத்தில், தேதிவாரியாகத் தனித்தனியாக வைப்பது. திரும்ப எடுக்க முடிகிறதா என்று மாதம் ஒரு முறை எடுத்தே பார்ப்பது.

4. ஸ்கேனர் மேல் கிடக்கும் துண்டை எடுக்காமல் இருப்பது.

5. புதிய ஏடு வரும்போதெல்லாம் பதிவேட்டின் குறிப்புக் கட்டத்தை நிரப்புவது. என் கையெழுத்து மோசம், பரவாயில்லை.

6. அந்தப் பன்னிரண்டு நோட்டுகளையும் ஸ்கேன் செய்து, வெளியே தெரியாத பகுதியில் களஞ்சியத்தில் ஏற்றுவது. ஆசிரியர்: சு. ராமலட்சுமி. தேடிப் பார்த்தேன், அந்தப் பெயரில் ஏற்கனவே ஏழு பேர் இருக்கிறார்கள். எந்த ராமலட்சுமி என்று கம்பவுண்டர் கேட்பார். எழுதி வைத்துவிட்டேன்: "ஸ்ரீவில்லிபுத்தூர். 8.50 பஸ். கோபம் வந்தால் கண்ணாடியைக் கழற்றுவார். அப்போது நம் முகம் அவருக்குத் தெரியாது. யாரென்று மட்டும் தெரியும்."